வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தபோது

அயர்லாந்தின் கார்க் நகருக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், உடன் பணிபுரியும் ஒருவர் கெர்ரி மாவட்டத்திலுள்ள தம் பாட்டியின் பண்ணை வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். வாசலைத் தாண்டி நான் வணக்கம் சொல்வதற்குள் பாட்டி கடைகோலை என் கையில் கொடுத்துவிட்டார். வெண்ணெய் கடையும் வேளையில் உள்ளே வருபவர் எவராயினும், "இந்த வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லி சில முறையாவது கடைந்துவிட்டுத்தான் உட்கார வேண்டுமாம். சும்மா திரும்பிப் போனால் அந்த வீட்டின் வெண்ணெய் அவரோடு போய்விடும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. சற்று நேரத்தில் வந்த தபால்காரரும், யாரும் சொல்லாமலே பையைக் கீழே வைத்துவிட்டுக் கோலைப் பிடித்தார்.

நம் மத்தைப்போலக் கயிறு சுற்றிச் சுழற்றுவதல்ல அது. இடுப்பளவு உயர மரப்பீப்பாயின் மூடித் துளை வழியே இறங்கும் நீண்ட கோலை, நெல் குத்துவதைப்போல மேலும் கீழும் இயக்க வேண்டும். சில நாள் சேர்த்துப் புளிக்கவைத்த பாலேடு, அரை மணி நேரமாகியும் திரளவில்லை. பாட்டி கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். முற்காலத்தில் இப்படித் திரளாமற்போனால், மந்திரத்தால் வெண்ணெயைக் கவர்ந்துவிட்டார்களோ என்று அண்டை வீட்டார்மேல் சந்தேகம் விழுமாம். அதோடு வெண்ணெயும் போய்விடும் என்று பயந்து, மே முதல் நாள் காலையில் நெருப்பைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்களாம். பீப்பாயின் அடியில் தணல் துண்டு ஒன்றை வைப்பதும் உண்டாம். பாலேடு அதிகம் குளிர்ந்தால் கொழுப்பு இறுகி ஒன்றோடொன்று ஒட்டாது என்பதை அறிந்த பின், அந்தத் தணலை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

திடீரென்று ஓசை மாறியது, கோல் கனத்தது. திரண்டதை எடுத்து, நீர் தெளியும்வரை அலசி, வரிவரியாகப் பள்ளமிட்ட இரு மரத்தட்டைகளால் தட்டிப் பிழிந்து உப்புச் சேர்த்தார். மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதால் இந்தக் கட்டத்தில் அவர் யாரையும் தொடவிடவில்லை. 1770 முதல் 1924 வரை கார்க் நகரின் ஷாண்டன் பகுதியில் நடந்த வெண்ணெய்ச் சந்தைக்கு இந்த மலைப்பாதைகள் வழியாகத்தான் பீப்பாய்கள் சென்றன. பிற்காலத்தில் பால் ஆலைகள் வந்து, கடையும் வேலை வீட்டைவிட்டு வெளியேறியபோது, பெண்கள் கையில் புழங்கிய வெண்ணெய்க் காசும் குறைந்ததைத்தான் பாட்டி வருத்தத்தோடு சொன்னார்.

எனக்கு ஒரு கோப்பை மோர் கிடைத்தது. நான் உப்புக் கேட்டதும் சிரித்துவிட்டு, மீதியை, சமையல் சோடாவும் மோரும் சேர்த்துச் சுடும் சோடா ரொட்டிக்கென எடுத்து வைத்துக்கொண்டார்.