கலைச்சொல் தேவை: பற்றரியிலிருந்து கசிவதை எப்படி எழுதுவது?

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். மோட்டார் திருத்தும் வகுப்புக்கு ஒரு பக்கப் பாதுகாப்புக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பற்றரி வெடித்தோ கவிழ்ந்தோ வெளியே வருகிற அந்தத் திரவத்துக்குப் பாடநூல் 'மின்பகுபொருள்' என்கிறது. அப்படியே எழுதி வகுப்பில் வாசித்தேன். "பொருள்தானே சேர், பொறுக்கிவிடலாம்" என்றான் ஒருவன். வேறு சொல் தாருங்கள்.

மாங்குளம், கராஜ்காரர்:
இங்கே எல்லோர் வாயிலும் 'பற்றரித் தண்ணீர்'தான். அதை மட்டும் போட்டுவிடாதீர்கள் சேர். கடையில் போத்தலில் வாங்கி ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீருக்கும் அதே பெயர். போன மாரியில், என்னிடம் வேலை பழகும் பையன் உழவு இயந்திரத்தில் பற்றரிக்கு அடியில் ஈரத்தைக் கண்டு, தண்ணீர் என்று நினைத்துச் சாரத் தலைப்பால் துடைத்துவிட்டான். அன்று சாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோய்த்துக் கொடியில் போட்டபோது தலைப்பு முழுவதும் அரிதட்டுப் போலக் கண் கண்ணாக இருந்தது.

வவுனியா, இரசாயனவியல் ஆசிரியை:
அந்த ஈரம் உலராது என்பதே அடையாளம். சல்பூரிக்கமிலம் சாதாரண வெயிலுக்கு ஆவியாகாது. கலந்திருக்கும் நீர் மட்டும் போய், அமிலம் இன்னும் செறிந்து கிடக்கும். முழுதாக மின்னேற்றிய பற்றரியில் உள்ள திரவத்தின் தன்னீர்ப்பு (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 1.28, நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமிலம். சீமெந்துத் தரையில் சிந்தினால் பொங்கும். முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தாலும் வெறுங்கையால் சுரண்டக் கூடாது. றப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டு அப்பச் சோடாவைத் தூவ வேண்டும்; நுரை அடங்கும்வரை தூவிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். இது தரைக்கும் இரும்புக்கும் மட்டும். தோலுக்கும் கண்ணுக்கும் சோடா வேண்டாம், தண்ணீர்தான். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். ஆகவே சொல் 'பற்றரி அமிலம்'. விவாதம் முடிந்தது.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முடியவில்லை, பிள்ளை. 'பற்றரி' எங்கிருந்து வந்தது என்று யாவருக்கும் தெரியும். 'அமிலம்' வடமொழி 'அம்ல'த்தின் வழி. வடவெழுத்தை விலக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் இடம் கொடுத்தார், உண்மை. அதற்காக இரண்டு பக்கமும் கடன் வாங்கி ஒரு சொல்லா? நான் தருவது 'அரிநீர்'. வினைத்தொகை. அரித்த நீர், அரிக்கின்ற நீர், அரிக்கும் நீர். பையனின் சாரத்துக்கு நடந்தது முக்காலமும் அல்லவா? 'ஊறுகாய்' போல இதிலும் ஒற்று மிகாது. மேலும் கராஜ்காரத் தம்பி தம்மை அறியாமலே 'அரிதட்டு' என்று எழுதியிருக்கிறார், அதுவும் வினைத்தொகை. நம் வயல்களில் அரிவி வெட்டு, கையில் அரிவாள், கூரையில் கறையான் அரிப்பு, எல்லாம் ஒரே வேர்.

புதுக்குடியிருப்பு, விவசாயி:
ஐயா, சொல் அழகு. ஆனால் 'நீர்' என்று முடிந்தால் பையன்கள் அஞ்சமாட்டார்கள். 'எரிநீர்' என்றால் மண்ணெண்ணெய் என்பார்கள். 'சுடுநீர்' என்றால் தேத்தண்ணீர் போடுவார்கள். எனக்கு முதலில் 'கசிநீர்' என்றுதான் தோன்றியது. வீட்டில் சொன்னேன், "எந்தக் குளக்கட்டு?" என்று கேட்டார்கள். கட்டுக்குக் கீழே நீர் கசிந்தால் இரவோடு இரவாக மண்மூட்டை தூக்குகிற ஊர் இது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
இன்று புதன்.

வவுனியா, இரசாயனவியல் ஆசிரியை:
நான் முடிந்தது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ரோச் லைற்றுக்குள் வெள்ளையாகப் பூப்பதையும் மாணவர்கள் 'பற்றரி அசிட்' என்றுதான் சொல்கிறார்கள். அல்கலைன் பற்றரியில் கசிவது அமிலமே அல்ல, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. நேர் எதிரான காரம். அதற்கு அப்பச் சோடா உதவாது. கையுறையோடு, தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தோலில் பட்டால் அதற்கும் தண்ணீர்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மருந்து மாறிவிடும்.

மாங்குளம், கராஜ்காரர்:
போர்க்காலத்தில் பொருள்களுக்குத் தடை இருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. பற்றரி வன்னிக்குள் வராது. செத்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்துச் செய்தி கேட்போம். அதுவும் செத்தால் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி. கசிந்ததைச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் போடுவோம். அது அமிலமா காரமா என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

புதுக்குடியிருப்பு, விவசாயி:
அப்படியானால் பொதுப்பெயராகக் 'கலக்கசிவு'? கலத்திலிருந்து கசிவது.

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
பலகையில் எழுதினேன். முன்வரிசை 'கலக்க' என்று வாசித்து நின்றுவிட்டது. எனவே வாகனப் பற்றரிக்குப் 'பற்றரி அமிலம்', அடைப்புக்குறிக்குள் 'அசிட்'. ரோச் பற்றரிக்குப் 'பற்றரிக் கசிவு'. மூவர் சம்மதம், ஒருவர் மறுப்பு. கோப்பை அனுப்பிவிட்டேன்.

மாங்குளம், கராஜ்காரர்:
மாஸ்டரின் மனம் நோகக் கூடாதென்று கராஜ் சுவரில் 'அரிநீர், தொடாதே' என்றும் சோக்கால் எழுதினேன். இன்று காலை டிராக்டர் கொண்டுவந்த ஒருவர், அரிசி கழுவிய நீரை ஏன் தொடக் கூடாது என்று கேட்டார்.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கேட்டவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார், தம்பி. 'அரிசி'யும் அந்த 'அரி'யிலிருந்தே வருகிறது என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன். சுவரில் இருப்பதை அழிக்க வேண்டாம்.