புதுப்பிப்பு: சைக்கோபை சோதனையில் வீடியோ உறைந்த சிக்கல் தீர்ந்தது

முகபாவனைகளை அடையாளம் காணும் சோதனைக்காக சைக்கோபையில் (உளவியல் சோதனைகளை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) போட்ட வீடியோ கிளிப்புகளில் சில முதல் ஃபிரேமிலேயே நின்றுவிடுகின்றன, ஒலி மட்டும் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். வேறு சிலவற்றில் உதடும் பேச்சும் ஒட்டவில்லை.

மென்பொருள்மேல் பழி இல்லை, கோளாறு கோப்புகளில்தான். எல்லாமே எம்பி4. ஆனால் எம்பி4 வெறும் டப்பா, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்ப்ரோப் கருவியில் பார்த்தால், உறைந்தவை எல்லாம் ஃபோனில் எடுத்தவை: எச்.265 என்ற வீடியோ சுருக்க முறை, 10 பிட் நிறம். ஒழுங்காக ஓடியவை எச்.264.

உதடு விலகியதற்குக் காரணம் வேறு. ஃபோன் கேமரா வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 30 ஃபிரேம் என்பது பெயரளவுக்குத்தான், அதனால் படம் ஒலியோடு ஒட்டாமல் விலகுகிறது.

அதனால் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் எல்லாவற்றையும் எச்.264, 8 பிட், மாறாத 30 ஃபிரேம் என்று மாற்றினேன். இப்போது உறைவதில்லை, உதடும் சரியாக வருகிறது.

நொடிக்கு 25 ஃபிரேம் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், 30 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு புதுப்பிப்புகளுக்கு நிற்கும். 25 என்றால் சிலது இரண்டு, சிலது மூன்று. சினிமா பார்க்க அது பரவாயில்லை, எதிர்வினை நேரம் அளக்க ஆகாது.

அப்புறம் ஒன்று: கிளிப் தொடங்கும் நேரத்தில் கோப்பை ஏற்றாதீர்கள். அதற்கு முன் பார்வையை நடுவில் நிறுத்தக் கூட்டல்குறி காட்டும் திரையிலேயே ஏற்றிவிட்டால் தொடக்கத்தில் வரும் தடுமாற்றமும் போய்விடுகிறது. உலாவியில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் பாக்கி.