கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962 அடித்தால் மலையாளத்தில் எடுக்கிறார்கள். நாய் எலி மருந்து தின்றுவிட்டது. என்ன செய்ய?

கோம்பைக்காரன், காலை 6.40

கேரள எல்லையை ஒட்டி, தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் இருக்கிறோம். நேற்று மாலை நாலு மணிக்கு எங்கள் செவலை (கோம்பை நாய், மூன்று வயது) ஏலக்காய் மூட்டை அடுக்கும் அறைக்குள் புகுந்து எலி மருந்துக் கட்டியைக் கடித்துவிட்டது. ஜீப் தோட்டத்துக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால், அங்கே ஏறி 1962 அடித்தேன்.

"ஸ்தலம் எவிடெயா?" என்றார் எடுத்த பெண். பதற்றத்தில் எனக்குத் தமிழே சரியாக வரவில்லை. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தேனி மாவட்டம் என்றதும், அது தமிழ்நாடு, அங்கே கூப்பிடுங்கள் என்றார். அங்கே கூப்பிடத்தானே அடித்தேன்! மூன்று தடவையும் இதே கதை. சிம் கம்பத்தில் வாங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி உப்புத் தண்ணீர் கொடுத்தோம், கொஞ்சம் வாந்தி எடுத்தது. ஜீப் வந்தபோது மணி எட்டு. அதற்குள் நாய் சோறு தின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டோம். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை 1962 தமிழ்நாட்டுக்குப் போக போனில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஊசிபோடுபவன், காலை 6.52

போன் கேள்வி இருக்கட்டும் அண்ணே. கட்டியின் உறையை எடுத்துப் பார்த்து, மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டியாவது இங்கே போடுங்கள். நான் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறேன். உப்புத் தண்ணீர் இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வந்துவிடும், அது தனி ஆபத்து.

கோம்பைக்காரன், காலை 7.05

உறை கிடைத்தது, ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கிறது. புரோமாடியோலோன் 0.005 சதவீதம். நீலக் கட்டி. பாக்கெட்டில் பாதிக்கு மேல் காணோம்.

ஊசிபோடுபவன், காலை 7.11

அப்படியென்றால் இப்போது நன்றாக இருப்பதை நம்பவே கூடாது. இந்த மருந்து வைட்டமின் கே-யை உடம்பில் வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் உறைபொருட்கள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் உள்ளே கசியும். ஈறு வெளுக்கும், சாணி கறுப்பாகப் போகும், சில நாய் இருமும், சில திடீரென்று படுத்துவிடும்.

மருத்துவர் வாந்தி எடுக்கவைக்கும் முதல் சில மணி நேரம் தாண்டிவிட்டது. இனி வைட்டமின் கே1தான். இன்றே கம்பத்துக்குக் கொண்டுபோங்கள். கே1 என்று கேட்டு வாங்குங்கள். கே3 என்ற ஊசியும் கடையில் இருக்கும், இதற்கு அது பயன்படாது. மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டி வரும், நடுவில் நிறுத்தக் கூடாது.

கிளம்புவதற்கு முன் மருத்துவருக்கு போன் செய்து மருந்தின் பெயர், எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு, நாயின் எடை, நான்கையும் சொல்லிவிடுங்கள். எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கோம்பைக்காரன், காலை 7.14

இருபத்தொரு கிலோ. கிளம்புகிறேன்.

குமுளி_அக்கா, காலை 8.30

தம்பி, போன் விஷயத்தை நான் சொல்கிறேன். கேரளப் பக்கம் குமுளியில் இருக்கும் எங்களுக்கு இது தலைகீழாக நடக்கும். சிம் எந்த ஊரில் வாங்கியது என்று அந்த நம்பர் பார்க்காது. மூன்று, நான்கு இலக்க நம்பரை எந்த டவர் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அனுப்பிவிடும். உங்கள் மொட்டை மாடிக்கு மலைமேல் இருக்கும் கேரள டவர் நேராகத் தெரிகிறது. முற்றத்தில் இறங்கி அடித்திருந்தால் தேனிக்கே போயிருக்கலாம். 108-ம் இப்படித்தான் போகும். என் மாமனாருக்கு மூச்சு முட்டியபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று அடித்ததில் தமிழ்நாட்டில் எடுத்தார்கள்.

போனில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நான் செய்து பார்த்ததில் ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை பலிக்கவில்லை. அதை நம்ப வேண்டாம். கம்பம் மாட்டாஸ்பத்திரி, கூடலூரில் ஒரு மருத்துவர், குமுளி மிருகாசுபத்திரி என்று முழு நம்பராகச் சேமித்து வையுங்கள். முழு நம்பர் எந்த டவரில் இருந்தாலும் சொன்ன இடத்துக்குப் போகும். லேண்ட்லைன் என்றால் உத்தமபாளையம், கம்பம் பக்கம் 04554, குமுளிப் பக்கம் 04869 முன்னால் போட வேண்டும். இது இல்லாமல் சேமித்துவிட்டு நம்பர் வேலை செய்யவில்லை என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன் (என் வீட்டுக்காரர்).

மலையாளத்தில் எடுத்தாலும் வைத்துவிடாதீர்கள். "பட்டி எலிவிஷம் தின்னு" என்றால் போதும். நம்மூரில் பட்டி என்றால் கிராமம், அங்கே நாய்! பல வட்டாரங்களில் ராத்திரிக்கென்று தனியாக மிருக டாக்டர் உண்டு. வண்டி எல்லை தாண்டி வராது, ஆனால் நாயை நாம் கொண்டுபோனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மேலே ஏறினால் வந்துவிடும்.

வெள்ளைப்பூனை, காலை 9.10

நெட்டில் தேடினால் முதலில் வருவது அமெரிக்க விஷ உதவி எண்கள். ராத்திரி ஒரு மணிக்கு என் பூனைக்காக அடித்துப் பார்த்தேன். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம், அதோடு அந்த இலவச நம்பர் இங்கிருந்து சேரவில்லை. அவர்கள் தளத்தில் எந்தச் செடி, எந்த மருந்து ஆகாது என்ற பட்டியல் மட்டும் உதவும். பூனைக்கு பாராசிட்டமால் துளியும் கூடாது என்று அங்கேதான் படித்தேன். கிசான் கால் சென்டர் 1800 180 1551, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழில் பேசலாம். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஊசிபோடுபவன், காலை 9.25

ஒன்று விட்டுப்போச்சு, மற்றவர்களுக்காக. உறையில் சிங்க் பாஸ்பைடு என்று இருந்தால் (கறுப்புப் பொடி, பூண்டு நாற்றம்) அது வேறு கணக்கு. சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும், வயிற்றில் விஷவாயு கிளம்பும். சோறு, பால் எதுவும் கொடுக்காமல் ஓட வேண்டும். வண்டி ஜன்னலைத் திறந்துவையுங்கள். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு நம்மையும் தாக்கும்.

கோம்பைக்காரன், மறுநாள் இரவு 7.50

கே1 ஊசி போட்டார்கள், மாத்திரை நாலு வாரத்துக்கு. சோற்றில் கொஞ்சம் நெய் விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், அப்போதுதான் உடம்பில் சேருமாம். இரத்தம் உறைகிறதா என்று பார்க்க நாளை மறுநாள் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். உறையைக் காட்டியதும் மருத்துவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா சொன்னபடி இன்று முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்று 1962 அடித்துப் பார்த்தேன். "வணக்கம்" என்று எடுத்தார்கள். சும்மா சோதித்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, தடுப்பூசி பற்றி எதையோ கேட்டுவிட்டு வைத்தேன். செவலை நெய்ச்சோற்றை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

குமுளி_அக்கா, இரவு 8.02

கருவாட்டுத் துண்டை நன்றாகக் கழுவி உப்பை எடுத்துவிட்டு, அதற்குள் வை தம்பி.