விட்ஸ் கார் ரவுணுக்குள் சூடேறுகிறது. ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) கழற்ற வேண்டும் என்கிறார்கள், விடலாமா?

கோண்டாவில் ரீச்சர்:
வணக்கம் எல்லோருக்கும். என்னுடையது 2007 ரொயோட்டா விட்ஸ், 1000 சீசீ. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான் முக்கியமாக ஓடுவது. போன கிழமை ஆஸ்பத்திரி வீதி நெரிசலுக்குள் நிற்கும்போது சிவப்பு வெப்ப லைற் எரிந்தது. ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிட்டு மெதுவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். பொனற்றைத் திறந்து பார்த்தார்கள், தண்ணி கொஞ்சம் குறைந்திருந்தது, உடனே "ஹெட் கஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றி மட்டமாக்க வேண்டும், அதோடு வாட்டர் பம்பும் போடுவோம்" என்றார்கள். ஏசியும் முன்னைப்போலக் குளிரவில்லை என்று வாய் தவறிச் சொன்னேன், அதற்கும் காஸ் அடிக்க வேண்டுமாம். எல்லாமாக 185,000 ரூபாய், சனிக்கிழமைக்குள் 50,000 முற்பணம். கையில் இருப்பது சீட்டுக் காசு மட்டும்தான். கொடுக்க வேண்டியதுதான் என்றால் கொடுக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
தங்கச்சி, முற்பணம் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஹெட் கஸ்கெட் என்பது ஹெட்டுக்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு, பார்வையால் மட்டும் அது போனதென்று யாராலும் சொல்ல முடியாது. போனதற்கான அடையாளங்களைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உட்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் களி மாதிரி இருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகிய பிறகும் சைலன்சரால் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? றேடியேற்றர் மூடியைக் குளிரிலேயே கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் விடாமல் குமிழி வருகிறதா? சூட்டில் அந்த மூடியில் கை வைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணி 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திறந்த அடுத்த நொடி முகத்துக்குப் பாயும்.
இன்னொன்று, ஓடும்போது சூடேறுகிறதா அல்லது நிற்கும்போது மட்டுமா? இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மானிப்பாய் கே.:
நம்மட ஊர் வெக்கைக்குத் தேர்மோஸ்ரற் தேவையே இல்லை, அதைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகிவிடும். என்னுடைய வானுக்கு அப்படித்தான் செய்தேன்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
தம்பி, அது வேண்டாம். தேர்மோஸ்ரற் என்பது சூட்டுக்கு ஏற்ப றேடியேற்றருக்குத் தண்ணியைத் திறந்துவிடும் வால்வு. அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓட வேண்டிய சூட்டுக்கே வராது, பெற்றோல் கூடக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். அது பிழை என்றால் புதிதாக ஒன்றைப் போடுங்கள், விலையும் பெரிதில்லை.

கோண்டாவில் ரீச்சர்:
அண்ணை, மூடியில் களி இல்லை, வழமையான கறுப்பு ஒயில்தான். வெள்ளைப் புகை இல்லை. இரண்டு குமிழி வந்து நின்றுவிட்டது. ஓடும்போது ஒன்றுமே இல்லை. நேற்று முன்தினம் பருத்தித்துறையில் ஒரு சாவீட்டுக்கு வல்லை வெளியால் போய் வந்தேன், லைற் எட்டிப்பார்க்கவே இல்லை. திரும்பி வந்து பரமேஸ்வராச் சந்தியில் நிற்கும்போது மறுபடி எரிந்தது.

கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்தான்:
ரீச்சர், அந்த ஏசி. ஓடும்போது குளிர்ந்து, சந்தியில் நிற்கும்போது மட்டும் சூடான காற்றா வருகிறது?

கோண்டாவில் ரீச்சர்:
ஓம்! வல்லை வெளியில் நல்ல குளிர். ரவுணுக்குள் வந்தால்தான் வேர்க்கும்.

கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்தான்:
அப்படியென்றால் இரண்டும் ஒரே வருத்தம். றேடியேற்றருக்கும் ஏசிக்கும் காற்று இழுப்பது அந்த ஒரே ஃபான்தான். ஓடும்போது முன்னால் வரும் காற்றே போதும், நின்றால் ஃபான்தான் வேலை செய்ய வேண்டும். கஸ்கெட்டையும் காஸையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.
எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்கள், கொஞ்ச நேரத்துக்குள் ஃபான் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு பியூஸ் பெட்டிக்குள் ஃபான் றிலே (ஃபானுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இருக்கும், அதன் இலக்கமும் காலும் ஒத்த வேறொன்று இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒரு சதம் செலவில்லை. அதற்கும் சுற்றாவிட்டால் மோட்டரின் பின்பக்கத்தைச் சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டினால் சுற்றுகிறது என்றால் மோட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு தேய்ந்துவிட்டது. கையை மட்டும் உள்ளே விட வேண்டாம், ஃபான் எந்நேரமும் சுற்றத் தொடங்கலாம்.

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
தம்பி சொன்னது சரி, எனக்கும் அதுதான் படுகிறது. ஆனால் லைற் இரண்டு தரம் எரிந்திருக்கிறது. ஆகவே ஃபானைச் சரிசெய்த பிறகு கஸ்கெட்டை ஒரு தரம் சோதித்துவிடுங்கள். றேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்து இருக்கிறது, எஞ்சின் புகை தண்ணிக்குள் வந்தால் மஞ்சளாக மாறும். அந்தச் சோதனைக் காசு வீண்காசு இல்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 பெப்ரவரியில்தான் எங்கள் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தார்கள், எல்லோரும் 15, 18 வயது வண்டியைத்தான் பாதுகாத்து ஓடுகிறோம். நல்ல எஞ்சினைத் தேவையில்லாமல் திறப்பது எனக்கு நெஞ்சு கொதிக்கிற விசயம்.
எந்தக் கராஜுக்குப் போனாலும் பார்ட்ஸ் விலை வேறாக, கூலி வேறாக ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் ஏதும் செய்வதென்றால் முதலில் கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள், இதைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். மரியாதையான வேலைக்காரன் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டான்.
லைற் திரும்ப எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போட்டு ஓரங்கட்டுங்கள். "வீடு கிட்டத்தானே" என்று ஓட வேண்டாம், அப்படி ஓடித்தான் ஹெட் வளைகிறது.

கோண்டாவில் ரீச்சர்:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள், சோதனைத் தாள் திருத்தும் வேலை.
ஃபான் சுற்றவே இல்லை. பியூஸ் சரி. மருமகன் றிலேயை மாற்றிச் செருகினான், அசையவில்லை. சுத்தியல் பிடியால் இரண்டு தட்டு, ஒரு இருமல் மாதிரிச் சத்தம் போட்டுச் சுற்றத் தொடங்கியது! வேறு கராஜில் எழுதி வாங்கித்தான் வேலையைக் கொடுத்தேன். செசி நம்பரைச் சொல்லி ஸ்ரான்லி வீதியில் ஜப்பான் பாவித்த மோட்டர் 14,000, கூலி 3,500, றேடியேற்றர் மூடி றப்பர் வெடித்திருந்தது, அது 1,800. நீல மருந்து நீலமாகவே நின்றது. காஸ் அடிக்காமலே ஏசி குளிர்கிறது. முற்றத்தில் அரை மணித்தியாலம் ஏசியோடு ஓடவிட்டுப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன், சிவப்பு எரியவில்லை.
பழைய மோட்டரைக் கேட்டு வாங்கினேன். திறந்து காட்டினார்கள், கரி சுண்டுவிரல் நகம் அளவுகூட மிஞ்சவில்லை. இதற்காகவா 185,000 என்று நினைக்க அழுகையே வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.
ஒரு கேள்வி மட்டும். குறைந்த தண்ணிக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான் இவ்வளவு நாளும் ஊற்றினேன், பரவாயில்லையா?

சுன்னாகம் பழைய மெக்கானிக்:
சந்தோசம் தங்கச்சி. கிணற்றுத் தண்ணி வேண்டாம். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளும் படியும். ஆறிய எஞ்சினில் முழுதாக இறக்கிவிட்டு, பற்றறிக்கு ஊற்றும் தண்ணியால் கழுவி, ரொயோட்டாவின் றோஸ் நிறக் கூலன்ற் ஊற்றுங்கள். அது கலந்தே வரும், மேலே தண்ணி சேர்க்கத் தேவையில்லை. இங்கே பனி இல்லையே, எதற்குக் கூலன்ற் என்று சிலர் கேட்பார்கள், துருவைத் தடுப்பதும் அதுதான். பழைய மோட்டரை எறிய வேண்டாம், மோட்டர் திருத்தும் வைண்டிங் கடையில் கரி மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.