பதினாறு இணைப்புகள், ஒரே ஊற்று: ஆய்வு ஏஜென்ட்டுகளோடு பட்ட அனுபவங்கள்

பாம்பன்காரர்:
எங்கள் ஊர்ச் சங்க மலருக்காகத் தனுஷ்கோடிப் புயலைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இணையத்தில் தானே தேடிப் படித்து அறிக்கை எழுதித் தரும் இரண்டு ஏஐ ஆய்வு ஏஜென்ட்டுகளிடம் ஒரே கேள்வியைக் கொடுத்தேன். முதலாவது ஏழு நிமிடத்தில் 115 என்று சொல்லி, கீழே பதினாறு இணைப்புகளை அடுக்கியது. இரண்டாவது இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்பது ஒரு கணக்கு, டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்பது இன்னொரு கணக்கு என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலாவதைத்தான் பிடித்திருந்தது. அன்றிரவு எதற்கும் இருக்கட்டும் என்று பதினாறு இணைப்புகளையும் திறந்து படித்தேன். ஆறாவது பக்கத்தில் 'பயனிகள்' என்று ஓர் எழுத்துப்பிழை இருந்தது. ஒன்பதாவதில் அதே வாக்கியம், அதே பிழை. பன்னிரண்டாவதிலும் அதேதான். பதினாறு சாட்சிகள் என்று நான் எண்ணியிருந்தது, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வரி மாறாமல் நகலெடுத்ததாக இருந்தது. அந்த 'பயனிகள்' இன்னமும் கண்ணை விட்டு அகலவில்லை.

வரிக்கணக்கு:
பாம்பன்காரர் ஐயா சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. நகலெடுத்த மனிதர்களை விட்டுவிட்டு, படித்த இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமா? மேலும், மெதுவாக வேலை செய்வது நம்பகமானது என்ற எண்ணம் அவருடைய பதிவில் ஒளிந்திருக்கிறது. எனக்கு நேர்ந்தது வேறு. ஒரு வாடிக்கையாளர் பங்கு ஃபண்டு யூனிட்டுகளை 2024 ஜூனிலும் நவம்பரிலும் விற்றிருந்தார். நீண்டகால மூலதன ஆதாய வரி அந்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதியிலிருந்து 10 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக மாறியது நினைவிருக்கும். வேகமான ஏஜென்ட் இரண்டு விற்பனைக்கும் 12.5 என்று போட்டது. அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட ஏஜென்ட் தேதி பார்த்துச் சரியாகப் பிரித்தது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் 1.25 லட்சமாக உயர்த்தப்பட்டிருந்த விலக்கை, பழைய பக்கம் ஒன்றைப் பார்த்து 1 லட்சம் என்று எழுதிவிட்டது. முப்பது பக்க அறிக்கையில் அந்த ஒற்றை எண்ணை எங்கள் மூத்த ஆடிட்டர் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

தஞ்சாவூரான்:
நீங்கள் இருவரும் படித்துச் சொல்லும் ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் செய்து முடிக்கும் ஏஜென்ட் ஒன்றிடம், அம்மாவின் ஓய்வூதியம் தொடர்பான விண்ணப்பத்தை நிரப்பும்படி சொன்னேன். நாற்பது நிமிடம் திரையில் அதுவாகவே சுட்டியை நகர்த்தி, பெட்டி பெட்டியாக நிரப்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். கடைசியில் 'விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதியது. அதே திரையில், அந்த வரிக்குப் பக்கத்திலேயே, கேப்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துகள்) தவறு என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. "ஏம்ப்பா, அது பொய் சொல்லுதா, இல்ல அதுக்குக் கண்ணு தெரியலையா?" என்று அம்மா கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோடுஎழுதி:
தஞ்சாவூரான் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எனக்கும் ஒருமுறை, மூன்று இன்வெர்ட்டர் பேட்டரிகளின் விலையை ஒப்பிடச் சொன்னதற்கு மூன்றையும் கூடையில் போட்டு வைத்தது; அதோடு என் கதை முடிந்தது. இரண்டு வகை ஏஜென்ட்டுகளையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆய்வு ஏஜென்ட் தவறாகப் படித்தால் அறிக்கையைத் திருத்திக்கொள்ளலாம். நமக்காக வேலையைச் செய்து முடிக்கும் பொது ஏஜென்ட் தவறான பொத்தானை அழுத்தினால், பணம் போன பிறகுதான் நமக்குத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு படியிலும் 95 சதவீதம் சரியாகச் செய்கிற ஏஜென்ட், இருபது படிகள் கொண்ட வேலையைப் பிழையின்றி முடிக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். ஏஐ உதவியாளர்களைச் சோதிக்க 2023 நவம்பரில் வெளியான கையா (GAIA) என்ற தேர்வில் 466 கேள்விகள். அவற்றில் மனிதர்கள் 92 சதவீதம் எடுத்தபோது, பிளகின்கள் என்ற கூடுதல் கருவிகளோடு இயங்கிய ஜிபிடி-4 என்ற ஏஐ எடுத்தது 15 சதவீதம். அதன்பின் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது என்பதை மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் டீப் ரிசர்ச் என்ற ஆய்வு ஏஜென்ட்டை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனம், ஜூலையிலேயே அதையும் உலாவியை இயக்கும் ஆப்பரேட்டரையும் சேர்த்து ஒரே ஏஜென்ட்டாக்கியது. ஆக, படிப்பதும் செய்வதும் ஒன்றாகிக்கொண்டுதான் வருகின்றன. ஏஜென்ட்டுகள் செய்து முடிக்கக்கூடிய வேலையின் நீளம், அதாவது அதே வேலைக்கு மனிதருக்குப் பிடிக்கும் நேரம், ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று ஏஐ திறன்களை அளக்கும் மெட்ர் (METR) அமைப்பு 2025இல் கணித்தது. ஆனால் அந்த அளவுகோல் பெரும்பாலும் மென்பொருள் வேலைகளை வைத்து, இரண்டுக்கு ஒருமுறை வெற்றி என்ற கணக்கில் போடப்பட்டது. இரண்டுக்கு ஒருமுறை ஓய்வூதியம் வந்தால் யாருக்குப் போதும்? ஆகவே சமர்ப்பிக்கும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். ஒப்புகை எண்ணைப் படியெடுத்துக் காட்டாமல் 'முடிந்தது' என்று சொல்லக்கூடாது என்று முதலிலேயே கட்டளையில் எழுதிவிடுங்கள். வரிக்கணக்கு அவர்கள், அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் மூலப்பக்கத்தின் தேதியைக் கேட்டு வாங்கலாம்.

பாம்பன்காரர்:
வரிக்கணக்குக்கு ஒரு வார்த்தை: நான் வேகத்தைக் குறை சொல்லவில்லை, பதினாறு என்ற எண்ணிக்கையைக் காட்டி என்னை மயக்கியதைத்தான் சொன்னேன். மலரில் இரண்டு கணக்குகளையும் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் முன், அந்த நாளில் மண்டபத்தில் இருந்த என் பெரியப்பாவிடம் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "அந்த வண்டியில டிக்கெட் எடுத்து ஏறினவன விரல் விட்டு எண்ணிரலாம்டா" என்றார். அதற்கு என்ன இணைப்புக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.