திரைப்பட விண்கலங்கள்: வடிவமைப்பில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?

வரைபலகை:

அனைவருக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் இயங்குபடத் துறையில் இறுதியாண்டு படிக்கும் மாணவி. படிப்பின் நிறைவுப் பணியாக எங்கள் குழு ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை உருவாக்கி வருகிறது. வியாழன் கோளை நோக்கிச் செல்லும் சரக்குக் கலம் ஒன்றில் நான்கு பேர் இரண்டு ஆண்டுகள் வாழ்வதுதான் கதை. கலத்தை வரையும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

முதல் வரைவில் நீண்ட சட்டகம் ஒன்றில் உருண்டைத் தொட்டிகளைக் கோத்து, ஒரு முனையில் வசிப்பறையையும் மறுமுனையில் அணு உலையையும் பொறியையும் வைத்தேன். சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலுள்ள எண்ணெய் ஆலையைப் பெயர்த்தெடுத்து மிதக்கவிட்டதுபோல் இருக்கிறது என்று குழுவினர் சொன்னார்கள். அதனால் கூர்மூக்கும் பின்புறம் சாய்ந்த இறக்கைகளும் கொண்ட இரண்டாவது வரைவைச் செய்தேன். அது அனைவருக்கும் பிடித்துவிட்டது, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காற்றில்லாத இடத்தில் இறக்கைக்கு வேலையில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அறிய விரும்புவது அதற்கு அடுத்தது: உண்மையான கலம் ஒன்றின் தோற்றத்தை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன? அவற்றுள் எதைத் திரைக்காக விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டால் கலம் பொய்யாகிவிடும்?

குளிர்பதனி:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் விவரித்த முதல் வரைவில் ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. அதைச் சேர்த்தால் உங்கள் குழுவினர் எதிர்பார்க்கும் கம்பீரமும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறேன். கலத்தில் உண்டாகும் வெப்பம் எங்கே போகிறது?

நான் கட்டடங்களின் குளிர்சாதன அமைப்புகளைப் பராமரிக்கும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் பின்புறத்தை அண்ணாந்து பார்த்தால், வீட்டுக்கு வீடு வெளிச்சுவரில் ஒரு விசிறிப்பெட்டி உட்கார்ந்திருக்கும். அறையிலிருந்து வாரி எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. விண்ணில் அப்படி வாங்கிக்கொள்ளக் காற்று கிடையாது. விண்வெளி என்றாலே உறையவைக்கும் குளிர் என்று திரைப்படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. ஆனால், தேநீரை மணிக்கணக்கில் சூடாக வைத்திருக்கும் குடுவையின் இரட்டைச் சுவருக்கு நடுவில் இருப்பதும் வெற்றிடம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆட்களும் இயந்திரங்களும் நிறைந்த கலத்துக்கு உறைந்துபோவதைவிட வெந்துபோவதே பெரிய ஆபத்து.

வெப்பத்தைக் கதிர்வீச்சாக உமிழ்வதைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை, அதற்குப் பரப்பு வேண்டும். 27 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு ஏறத்தாழ 460 வாட் வெப்பத்தையே வெளியேற்றும். 1 மெகாவாட் கழிவு வெப்பத்தை அந்த வெப்பநிலையில் வெளியேற்ற, இருபுறமும் உமிழும் தகடாக இருந்தாலும் 1,100 சதுர மீட்டர் தேவைப்படும். 90 சதுர மீட்டர் பரப்புள்ள நான்கறை வீடுகள் பன்னிரண்டைத் தரையோடு தரையாக விரித்து வைத்தாற்போன்ற அளவு அது. தகட்டின் வெப்பநிலையை உயர்த்தினால் பரப்பு வெகுவேகமாகச் சுருங்கும், ஏனெனில் உமிழ்வு தனிவெப்பநிலையின் (கெல்வின் அளவில் சொல்லும் வெப்பநிலையின்) நான்காம் படியைப் பொறுத்தது. 327 பாகைக்குக் கொண்டுசென்றால் 70 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே அணு உலைக்குச் சிறிய, சூடான தகடுகளும், மனிதர் வாழும் பகுதிக்கு அதன் தேவையோடு ஒப்பிட்டால் அகன்ற, குளிர்ந்த தகடுகளும் என இருவகை தேவைப்படும். ஒரே கலத்தில் இந்த இரண்டையும் அருகருகே பார்க்கும் கண்ணுக்கு, காரணம் தெரியாவிட்டாலும், இங்கே ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று புலப்படும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அனைத்துலக விண்வெளி நிலையம் அமோனியாவைக் குழாய்களில் சுழலவிட்டு, வெள்ளைத் தகடுகள் வழியாக 70 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் திறனுடையது. அமெரிக்க விண்ணோடங்கள் சுற்றுப்பாதையை அடைந்ததும் சரக்கறைக் கதவுகளைத் திறந்துவைத்தே பறந்தன. வெப்பத் தகடுகள் அக்கதவுகளின் உட்புறத்தில் இருந்தமையால், கதவுகள் திறக்காவிட்டால் பயணத்தையே சுருக்கிக்கொண்டு திரும்ப வேண்டிய நிலை.

உங்கள் கலத்துக்கு இன்னொன்றும் பொருந்தும். அணு உலையைச் சுற்றிலும் கனமான கவசம் அமைத்தால் எடை தாங்காது. எனவே வசிப்பறையை நோக்கிய பக்கத்தில் மட்டும் ஒரு கவசத்தை வைத்து, அதன் நிழலுக்குள் கலம் முழுவதையும் அடக்குவார்கள். சட்டகம் நீளமாக இருப்பதும் அதற்காகத்தான், தொலைவு கூடக்கூடக் கதிரியக்கத்தின் கடுமை குறையும். கவசத்தின் நிழல் கூம்பு வடிவில் விரிவதால், வெப்பத் தகடுகளும் உலையருகே குறுகியும் வசிப்பறைப் பக்கம் அகன்றும் முக்கோணமாக அமையும். நிழலுக்கு வெளியே நீட்டிய தகட்டில் பட்டுச் சிதறும் கதிர்கள் ஆட்களை எட்டக்கூடும். இப்போது வரைந்து பாருங்கள், நீண்ட முதுகெலும்பும் இருபுறமும் பாய்மரம்போல் விரியும் முக்கோணத் தகடுகளும் கிடைக்கும். உங்கள் குழுவினர் இறக்கையில் தேடிய அழகு இங்கே நியாயமான காரணத்தோடு இருக்கிறது.

பழந்திரை:

மேலே எழுதியவரின் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் அவர் பரிந்துரைக்கும் அதே தகடுகளை ஒரு மாபெரும் இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கிய வரலாற்றையும் தங்கை அறிந்துகொள்ள வேண்டும். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக, விண்வெளித் துறையில் பணியாற்றிய ஹாரி லாங்கே, ஃபிரெடரிக் ஆர்ட்வே ஆகியோரை ஸ்டான்லி குப்ரிக் அமர்த்திக்கொண்டார். வியாழனுக்குச் செல்லும் 'டிஸ்கவரி' கலத்தின் தொடக்க வரைவுகளில் வெப்பத் தகடுகள் இருந்தன. அவற்றைப் பார்வையாளர்கள் இறக்கைகள் என்று எண்ணிவிடுவார்கள் என்பதனால் அவை நீக்கப்பட்டன. அறிவியலை அவ்வளவு மதித்த ஒரு படத்திலேயே, உண்மையான உறுப்பு ஒன்று பொய்யைப்போல் தோன்றும் என்பதற்காகக் கைவிடப்பட்டது.

ஆகவே ஒரு பொருள் சரியாக இருப்பது மட்டும் போதாது, பார்ப்பவர் அதைச் சரியாகப் படிக்கவும் வேண்டும். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் நம் தலைக்கு மேலே முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் போர்க்கலத்தின் மாதிரி ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. கடைகளில் விற்கும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல் பொம்மைகளின் பிளாஸ்டிக் துண்டுகளை அம்மாதிரிகளின் மேற்பரப்பெங்கும் நெருக்கமாக ஒட்டினார்கள். நுணுக்கம் மிகுந்தால் கண் அதைப் பெரியதென்று நம்பும். அந்தத் துண்டுகளுக்கு எந்த வேலையும் இல்லை, ஆயினும் அந்தக் கலத்தின் பருமனை ஐயுற்றவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தின் வான்சண்டைகள் இரண்டாம் உலகப் போர் விமானக் காட்சிகளைப் பார்த்து அமைக்கப்பட்டவை. வெற்றிடத்தில் கலங்கள் விமானம்போல் சாய்ந்து திரும்பமாட்டா என்று அறிந்தவரும் அந்த அசைவில் வேகத்தை உணர்கிறார்கள். நம் ஒன்-நார்த் வட்டாரத்தில் அப்படத்தின் மணல் ஊர்தியைப் பார்த்து எழுப்பிய சாண்ட்கிராலர் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், பொய்யாகப் பிறந்த வடிவம் ஒன்று எஃகும் கண்ணாடியுமாக நிற்கும் அளவுக்கு மக்கள் மனத்தில் பதிந்ததை எண்ணி வியக்கிறேன்.

தகடுகளை வையுங்கள், நான் தடுக்கவில்லை. அவை இறக்கை அல்ல என்பதைப் படமே காட்ட வேண்டும் என்கிறேன். 2009இன் 'அவதார்' படத்தின் தொடக்கத்தில் வரும் கலத்தில் வெப்பத் தகடுகள் தணல்போல் சிவந்து ஒளிர்கின்றன. ஓரிரு கணம்தான், அதுவே போதுமானதாக இருக்கிறது.

வரைபலகை:

இருவருக்கும் நன்றி. டிஸ்கவரி செய்தியைப் படித்ததும் முதலில் மனம் தளர்ந்தேன், பிறகு அதுவே எனக்கு வழி காட்டியது. தகடுகள் சிவப்பது எங்கள் கதைக்குப் பொருந்தாது, ஏனெனில் கலம் பெரும்பாலும் பொறியை அணைத்து மிதந்து செல்கிறது. வேறு வகையில் அவற்றைப் பேசவைக்க முடியுமா? மேலும், ஈர்ப்புக்காக வசிப்பறையைச் சக்கரமாகச் சுழற்ற வேண்டும் என்று குழுவில் ஒருவர் வற்புறுத்துகிறார். அது கட்டாயம்தானா?

குளிர்பதனி:

கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுப் பயணத்தில் எலும்பும் தசையும் தளரும் என்பதால் சுழற்சி நியாயமானது. சிறிய சக்கரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நிமிடத்துக்கு 4 சுற்று சுழன்று முழுப் புவியீர்ப்பைப் பெற 56 மீட்டர் ஆரம் வேண்டும், 2 சுற்று என்றால் 224 மீட்டர். 1968 படத்துக்காகக் கட்டிய சுழலும் அரங்கின் விட்டம் ஏறத்தாழ 12 மீட்டர். உண்மையில் அந்த அளவில் வாழ்ந்தால் காலில் உணரும் எடையைவிடத் தலையில் உணர்வது கால்பங்குக்கும் மேல் குறைவாக இருக்கும், தலைசுற்றலும் சேரும்.

உங்களிடம்தான் நீண்ட சட்டகம் இருக்கிறதே! பொறியை அணைத்த பின் கலம் முழுவதையுமே, நடுவில் பிடித்துச் சுழற்றிய கோலைப்போல, மெல்லச் சுழலவிடலாம். அப்போது வசிப்பறையில் 'கீழ்' என்பது பொறியிலிருந்து விலகிய முனையாகும். பொறி இயங்கும்போதோ பொறி இருக்கும் திசையே கீழ். உந்துவிசையில் தரையாக இருந்தது சுழற்சியில் கூரையாகிவிடும். இரண்டு பரப்புகளிலும் கைப்பிடிகளையும் விளக்குகளையும் வரைந்தீர்களானால், ஒரு சொல்கூடப் பேசாமல் இந்தக் கலம் எப்படிப் பயணம் செய்கிறது என்பது விளங்கிவிடும்.

துவாஸ்வாசி:

நான் துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் பற்றவைப்புப் பிரிவின் மேற்பார்வையாளன். விண்கலம் பற்றிப் படித்தவனல்லன், ஆனால் கடற்கலங்களுக்குள் பாதி வாழ்நாள் கழிந்திருக்கிறது. தகடுகளைப் பேசவைப்பது எப்படி என்று தங்கை கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு பொருள் உண்மையானது என்பதை நான் அதன் வடிவத்தைவிட, அதற்கு ஆள் எப்படிப் போய்ச்சேருகிறான் என்பதிலிருந்தே அறிந்துகொள்கிறேன். திரைப்படக் கலங்களில் சுவரெங்கும் குழாய்கள் ஓடும், ஆனால் அவற்றின் வால்வைத் திருகக் கை நுழையும் இடைவெளி இருக்காது. எங்கள் வேலையில் வால்வுக்கு முன்னால் கைக்கு இடம், கைக்குப் பின்னால் தோளுக்கு இடம், நிற்பதற்குப் படி, விழாமல் பிடித்துக்கொள்ளக் கம்பி என ஒவ்வொன்றும் மனித உடம்பை வைத்தே அளக்கப்படும். எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் இறங்கும் துளை 600 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று அனைத்துலக விதியே இருக்கிறது. மூச்சுக்கருவியை முதுகில் சுமந்தவன் நுழைய வேண்டும், மயங்கியவனை மேலே தூக்கவும் முடிய வேண்டும் என்பதே அதன் காரணம்.

ஆகவே தகட்டின் ஓரம் முழுக்க ஒரு கைப்பிடிக் கம்பி வரையுங்கள். தகட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரிய எண் எழுதுங்கள். ஒரு பகுதியின் குழாய் மூடப்பட்டு, அது மட்டும் நிறம் மங்கியிருக்கட்டும். விண்வெளி நிலையத்திலும் 2013 மே மாதத்தில் அமோனியா கசிந்து இரண்டு வீரர்கள் வெளியே சென்று விசைக்குழாய்ப் பெட்டியை மாற்றினார்கள் அல்லவா? உங்கள் கதையின் நால்வரில் ஒருவர் அத்தகைய வேலைக்காகத் தகட்டின்மேல் ஊர்ந்து செல்வதைப் பத்து விநாடி காட்டினால், அதற்குப்பின் அதை யாரும் இறக்கை என்று சொல்லமாட்டார்கள்.

கப்பலின் முகப்பில் நீரளவுக் கோடுகளும் எண்களும் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக எழுதியவையல்ல, ஆனால் அவை இல்லாத கப்பல் எனக்கு மொட்டையாகத் தெரியும். 1979இல் வந்த 'ஏலியன்' படத்துக்கு ரான் காப் என்பவர் கலத்தின் கதவுகளுக்கும் அறைகளுக்கும் எச்சரிக்கைச் சின்னங்களின் முழுத் தொகுதி ஒன்றையே வரைந்தார். அந்தக் கலத்தைப் பார்த்தபோது நான் வேலைசெய்யும் இடம்போலவே உணர்ந்தேன்.

வரைபலகை:

நேற்று மூன்றாவது வரைவை முடித்தேன். சட்டகம் 140 மீட்டர், முக்கோணத் தகடுகள் இரண்டு, எண்ணிட்ட பகுதிகள், ஓரக் கம்பி. கூர்மூக்கை முழுவதும் எடுத்துவிட்டேன். கலம் சாய்ந்து திரும்பும் காட்சியையும் நீக்கினேன், வேகத்தைக் காட்டக் கலம் தன் நிழலையே தகடுகளின்மேல் மெதுவாகச் சுற்றிவரச் செய்திருக்கிறேன். பொறியின் ஓசையை மட்டும் விட்டுக்கொடுத்தேன்: வெளிக்காட்சிகளில் முழு அமைதி, தகட்டின்மேல் ஊர்பவரின் கையுறை கம்பியைத் தொடும்போது மட்டும் அந்த அதிர்வு உடையின் வழியாக அவருக்குக் கேட்பதுபோல் ஒலிக்கும். குழுவில் இன்னும் ஒருவருக்கு இது எண்ணெய் ஆலையாகத்தான் தெரிகிறது, ஆனால் தகடு ஏன் அடியில் குறுகுகிறது என்று அவரே கேட்டார், அரை மணிநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

துவாஸ்வாசி அண்ணனிடம் ஒரு கேள்வி: நுண்கல் மோதிய இடத்தில் தகட்டுக்கு ஒட்டுப்போட்டதாகக் காட்ட விரும்புகிறேன். சதுரமாக வரையலாமா?

துவாஸ்வாசி:

சதுரமாக இருக்கலாம், ஆனால் நான்கு மூலைகளையும் வளைத்துவிடுங்கள். கப்பலில் சேதமான தகட்டை வெட்டியெடுத்துப் புதிய துண்டைப் பொருத்தும்போது நாங்கள் மூலையைக் கூராக விடுவதில்லை. கூர்மூலையில் அழுத்தம் திரளும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வண்ணத்தையும் பழையதோடு சற்றுப் பொருந்தாமல் வையுங்கள், நடுக்கடலில் செய்த பழுது அப்படித்தான் தெரியும்.