எளிய ஜப்பானியச் செய்தி படிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

அரைகுறை_கஞ்ஜி:

ஹிரகனா, கட்டகனா என்ற ஒலியெழுத்துகள் இரண்டும் தடுமாறாமல் படிப்பேன். கஞ்ஜி (சீன எழுத்துகள்) ஒரு நூற்றைம்பது தெரியும், ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 இலக்கணம் முடித்தாயிற்று. மூன்று மாதமாக ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் 'நியூஸ் வெப் ஈஸி' படித்து வருகிறேன். சின்னச் சின்ன செய்திதான், ஆனால் ஒன்றைப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு அர்த்தம் பார்த்து, கடைசியில் வினைச்சொல் வந்ததும் மறுபடி பின்னாலிருந்து முன்னால் போய் எல்லாவற்றையும் கோத்து, அப்பாடா புரிந்தது என்று நினைத்தால் அடுத்த நாள் அதே சொல் வேறு செய்தியில் புத்தம் புதிதாக வந்து நிற்கிறது. நேற்று கஞ்ஜிக்கு மேலே உச்சரிப்பைச் சின்னதாகக் காட்டும் ஃபுரிகனாவை மறைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் பார்த்த 'ஜிஷின்' (நிலநடுக்கம்) கூடத் தெரியவில்லை, வெட்கமாகிவிட்டது. அடுத்த நிலையான என்4 முடித்துவிட்டு வரலாமா, இல்லை இப்படியே முட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் சரியாகிவிடுமா?

மெதுவா_போறவன்:

பெயரில் 'ஈஸி' இருப்பதால் ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அது நம்மைப் போல வெளியிலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக எழுதப்பட்டது இல்லை. ஜப்பானிலேயே வாழும் வெளிநாட்டவருக்கும் குழந்தைகளுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். 1995 ஜனவரியில் கோபே பக்கம் வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஜப்பானியம் சரியாகத் தெரியாதவர்களுக்கு அவசரத் தகவல் புரியாமல் போனது, அதற்குப் பிறகுதான் 'யசஷீ நிஹோங்கோ', அதாவது எளிய ஜப்பானியம் என்ற முயற்சி வேகம் பிடித்தது. என்எச்கே 2012இல் இந்தச் சேவையைத் தொடங்கியதும் அந்த வழியில்தான்.

எளிமை என்றால் அவர்கள் கணக்கு என்ன என்பதற்கு ஒரு உதாரணம்: 'தகதய் நி ஹினன் ஷிதெ குதசாய்' (மேட்டுப்பகுதிக்கு வெளியேறுங்கள்) என்பதை 'தகாய் தொகொரொ நி நிகெதெ குதசாய்' (உயரமான இடத்துக்கு ஓடுங்கள்) என்று மாற்றுவார்கள். கடினமான சொல் போய்விடும், ஆனால் அந்த 'தெ குதசாய்' வடிவம் அப்படியே இருக்கும். இது என்5 வடிவம்தான், ஆனால் மொத்தத்தில் சொல் எளிமை, இலக்கணம் என்4, சில நேரம் என்3. என்5ஓடு அதில் இறங்கினால் முக்கால் மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

நான் செய்தது: செய்தியை ஓரமாக வைத்துவிட்டு 'ததொகு' என்கிற நிலைவாரிக் குட்டிப் புத்தகங்களுக்குப் போனேன். அதில் விதியே அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு என்பதுதான். குழந்தைத்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

பெயரெச்சம்:

மேலே சொன்னதில் பாதி சரி. ஆனால் கேள்வியில் ஒரு வரி என் கண்ணில் குத்தியது, "பின்னாலிருந்து முன்னால் போய் எல்லாவற்றையும் கோத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பின்னாலிருந்து? என் ஊகம், நீங்கள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் படித்தீர்கள், அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஆங்கிலமாக்கிப் பார்க்கிறீர்கள். நானும் ஒரு வருஷம் அதைத்தான் செய்து வீணானேன்.

தமிழில் வைத்துப் படியுங்கள், முன்னாலிருந்தே போகும். 'கினோ கிதா தைஃபூ' என்பதை அந்தப் புத்தகங்கள் ஒரு பக்கம் விளக்கும். நமக்கு அது 'நேற்று வந்த புயல்', சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'தபெதெ மிரு' சாப்பிட்டுப் பார், 'தபெதெ ஒகு' சாப்பிட்டு வை, 'தபெதெ ஷிமாவு' சாப்பிட்டுவிடு. இதையெல்லாம் தனித்தனி இலக்கணப் பாடமாக மனப்பாடம் செய்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எளிய செய்திகளில் அடிக்கடி வரும் முடிவைப் பாருங்கள்: கிஷோச்சோ (வானிலைத் துறை) 'கவனமாக இருங்கள்' தொ இத்தெ இமஸ். அந்தத் 'தொ' நம் 'என்று'தான். வானிலைத் துறை, கவனமாக இருங்கள், என்று, சொல்கிறது. எதையும் திருப்ப வேண்டாம்.

கஞ்ஜிக்கும் இது உதவும். ஜிஷின் என்றால் முதல் எழுத்து நிலம், இரண்டாவது நடுக்கம். ஒஒஅமெ பெரிய மழை, பெருமழை. கஸான் தீயும் மலையும், எரிமலை. அந்த எழுத்துகளுக்கு ஆங்கிலப் பொருள் எழுதிய அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன்.

(ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று எழுதியதை யாராவது இங்கே இழுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய வரிசை ஒத்துப்போகிறது, எனக்கு அது போதும்.)

கால் வாரும் இடமும் உண்டு. டோக்கியோவில் வசிக்கிறேன், டோக்கியோவில் வேலை செய்கிறேன், இரண்டுக்கும் நமக்கு 'இல்'தான். அங்கே வசிப்பதற்கு 'நி', வேலை செய்வதற்கு 'தெ'. அப்புறம் 'வா', 'கா' என்ற உருபுகளின் வேறுபாடு. எழுவாய்க்கு நமக்கு உருபே கிடையாது, அதனால் தமிழை வைத்து அதைப் பிடிக்க முடியாது, படித்துப் படித்துத்தான் வரும்.

அரைகுறை_கஞ்ஜி:

ஐயோ, ஆமாம், ஆங்கிலத்தில்தான் கோத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. சரி, ஃபுரிகனாவை என்ன செய்வது? மறைத்தால் எதுவும் ஓடவில்லை, காட்டினால் கண் கஞ்ஜி பக்கமே போவதில்லை.

மூன்று_தடவை:

ஒரே செய்தியை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஃபுரிகனாவோடு, சொல்லைத் தொட்டுப் பார்த்தே படியுங்கள், கூடவே இருக்கும் ஒலியையும் ஒருமுறை கேளுங்கள். மறுநாள் ஃபுரிகனா இல்லாமல், சிக்கும் எழுத்துக்கு மட்டும் திரும்பக் காட்டிப் பார்த்து. மூன்றாம் நாள் இல்லாமலேயே வாய்விட்டு. நாளுக்கு ஒன்று என்று புதிதாக எடுப்பதில்தான் எல்லாரும் தொலைகிறார்கள், பார்த்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் எழுத்து எப்படி மனசில் நிற்கும்?

ஒரு விதிவிலக்கு, ஆள் பெயருக்கும் ஊர் பெயருக்கும் ஃபுரிகனாவை மறைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். ஜப்பானியரே முன்பின் தெரியாத ஒருவர் பெயரை எப்படிப் படிப்பது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பெயரின் வால் எழுத்து மட்டும் தெரிந்தால் போதும்: 'கென்' என்றால் மாகாணம், 'ஷி' நகரம், 'ஷோ' அமைச்சகம், 'ச்சோ' அரசுத் துறை. அந்த வாலைக் கண்டதும் 'ஏதோ ஒரு ஊர்', 'ஏதோ ஒரு துறை' என்று தாண்டிப் போய்விடலாம். முக்கால் மணியில் பத்து நிமிஷம் இதிலேயே மிச்சமாகும் (எனக்கு ஆயிற்று).

என்4 முடித்துவிட்டு வருவது பற்றி: 2010இல் ஜேஎல்பிடி தேர்வை மாற்றியதிலிருந்து எந்த நிலைக்கு எத்தனை கஞ்ஜி என்று அதிகாரபூர்வப் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை, இணையத்தில் சுற்றுவதெல்லாம் ஊகப் பட்டியல். அதை முடித்தால்தான் செய்தி என்று காத்திருக்க வேண்டாம். இலக்கணத்தை மட்டும் என்4 வரை வேகமாக ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள். வானிலை, நிலநடுக்கம், வெயில் காலத்தில் 'நெச்சூஷோ' (வெப்பத் தாக்கு), இந்த மூன்றையும் மட்டும் எடுங்கள், சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். அரசியல் இப்போதைக்கு வேண்டாம்.

மெதுவா_போறவன்:

மூன்று நாள் ஒரே செய்தியா, எனக்கு முதல் நாளே அலுத்துவிடும். என் ஓட்டு இன்னும் குட்டிப் புத்தகத்துக்குத்தான். ஆனால் தமிழில் வைத்துப் படிப்பதை நானும் செய்து பார்க்கப் போகிறேன்.

அரைகுறை_கஞ்ஜி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வானிலைச் செய்தி மட்டும் எடுத்தேன், ஒவ்வொன்றும் மூன்று நாள். நேற்றைய செய்தி முதல் வாசிப்பில் இருபத்தைந்து நிமிஷம். 'என்று சொல்கிறது' வருமென்று தெரிந்துகொண்டு படிக்கும்போது நடுவில் பதற்றம் இல்லை. ஜிஷின் இப்போது ஃபுரிகனா இல்லாமல் தெரிகிறது, தைஃபூவும்.

ஆசைப்பட்டு வழக்கமான நாளிதழ் பக்கம் ஒன்றைத் திறந்தேன், தலைப்பிலேயே விழுந்துவிட்டேன். வினைச்சொல்லே இல்லை, வாக்கியம் 'எ' என்ற உருபோடு அந்தரத்தில் நிற்கிறது. அச்சுப்பிழையா?

பெயரெச்சம்:

பிழை இல்லை, தலைப்பு அப்படித்தான் எழுதுவார்கள். 'எ' என்பது 'நோக்கி', 'க்கு'. 'பிரதமர் அடுத்த மாதம் அமெரிக்காவுக்கு' என்று நிறுத்தினால் போகப் போகிறார், இன்னும் போகவில்லை என்று அர்த்தம். 'கா' என்று முடிந்தால் (மேலே சொன்ன எழுவாய்க் 'கா' இல்லை, இது வேறு) 'ஆக இருக்கலாம்', உறுதியாகவில்லை. இந்த இரண்டும் பிடிபட்டால் பாதித் தலைப்பு திறந்துவிடும். உள்ளே போகாதீர்கள், இப்போதைக்குத் தலைப்பை மட்டும் மேயுங்கள்.